பழைய கணினியில் புதிய வரைகலை அட்டை பொருத்துதல்

பழைய கணினியில் புதிய வரைகலை அட்டை பொருத்துதல் என்பது, சில ஆண்டுகள் பயன்பட்ட மேசைக் கணினி ஒன்றின் பிற உறுப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வரைகலை அட்டையை மட்டும் மாற்றிக் கணினி விளையாட்டுகளைச் சீராக இயங்கச் செய்யும் வன்பொருள் மேம்பாட்டு முறை ஆகும். முழுக் கணினியையும் மாற்றுவதைவிட இதற்குச் செலவு குறைவு. ஆதலால் மாணவர்களும் கணினி விளையாட்டு மையங்களை நடத்துவோரும் இம்முறையைப் பெரிதும் நாடுகின்றனர்.

புதிய அட்டையின் திறன் முழுமையாகக் கிடைக்குமா என்பதை அட்டை மட்டும் தீர்மானிப்பதில்லை. மின்வழங்கி, மையச் செயலி, தாய்ப்பலகையின் இணைப்புத் தடங்கள், இயக்கி மென்பொருள், பெட்டியின் காற்றோட்டம் ஆகியவற்றுள் எது மிகவும் பின்தங்கியுள்ளதோ அதுவே எல்லையாக அமைகிறது. இவற்றுள் மையச் செயலி பின்தங்கினால் வேகம் மட்டுமே குறையும். மின்வழங்கி பின்தங்கினால் அட்டையும் தாய்ப்பலகையும் சேர்ந்தே பழுதாகக் கூடும். கோடை வெப்பம் மிகுந்த சேலம், நாமக்கல் சமவெளி போன்ற பகுதிகளில் மின்வழங்கி, காற்றோட்டம் ஆகிய இரண்டும் கூடுதல் கவனம் பெற வேண்டியவை.

பெயர்கள்

வரைகலை அட்டை என்பது காணொளி அட்டை, வரைவியல் அட்டை என்றும் எழுதப்படுகிறது. பேச்சு வழக்கிலும் கடைகளிலும் இது கிராபிக்ஸ் கார்டு எனப்படும். அட்டையின் மீதுள்ள முதன்மைச் சில்லு வரைகலைச் செயலி ஆகும். மின்வழங்கியைத் தமிழ்நாட்டில் எசு.எம்.பி.எசு என்னும் சுருக்கப் பெயரால் அழைப்பர். தாய்ப்பலகை மதர்போர்டு என்றும், கணினிப் பெட்டி கேபினட் என்றும் வழங்கப்படுகின்றன.

வரலாறு

1981 ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம் தனியாள் கணினியிலேயே திரைக்கான படத்தை உருவாக்கும் பணி தனி அட்டை ஒன்றிடம் விடப்பட்டிருந்தது. 1996 இல் திரீடிஎஃப்எக்சு நிறுவனம் வெளியிட்ட வூடூ அட்டை, முப்பரிமாண விளையாட்டுகளுக்காகவே ஏற்கனவே உள்ள அட்டையுடன் கூடுதலாகப் பொருத்தப்பட்டது. பழைய கணினிக்குப் புதிய வரைகலைத் திறன் சேர்க்கும் வழக்கம் பரவலானதில் இவ்வட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. 1999 இல் என்விடியா நிறுவனம் சியிபோர்சு 256 என்னும் அட்டையை வெளியிட்டு, அதன் சில்லை உலகின் முதல் வரைகலைச் செயலி என்று விளம்பரப்படுத்தியது. இத்துறையில் அதன் போட்டியாளரான ஏ.டி.ஐ நிறுவனத்தை 2006 இல் ஏ.எம்.டி நிறுவனம் வாங்கியது. இன்டெல் நிறுவனம் ஆர்க்கு என்னும் பெயரில் 2022 இல் தனி அட்டைகளை விற்கத் தொடங்கியது.

1997 முதல் ஏ.சி.பி என்னும் இணைப்பு வரைகலை அட்டைகளுக்குப் பயன்பட்டது. 2004 முதல் அதன் இடத்தைப் பி.சி.ஐ எக்சுபிரசு பிடித்தது. இவ்விரண்டின் பொருத்துவாய்களும் வடிவில் வேறானவை. எனவே ஏ.சி.பி பொருத்துவாய் மட்டுமே உள்ள கணினியில் இன்றைய அட்டை எதனையும் பொருத்த இயலாது.

பொருத்தம் காணுதல்

மின்வழங்கி

வரைகலை அட்டை தனக்குத் தேவையான மின்சாரத்தில் 75 வாட் வரை தாய்ப்பலகையின் பொருத்துவாய் வழியாகவே பெறலாம். அதற்கு மேற்பட்ட தேவைக்கு மின்வழங்கியிலிருந்து தனி வடம் வர வேண்டும். 6 முனை வடம் 75 வாட்டும், 8 முனை வடம் 150 வாட்டும் தருமாறு வரையறுக்கப்பட்டுள்ளன. 2022 இல் அறிமுகமான 16 முனை வடம் 600 வாட் வரை தரவல்லது. அவ்வாண்டிலேயே சில உயர்நிலை அட்டைகளில் அதன் முனைகள் உருகியதால், அடுத்த ஆண்டில் அதன் வடிவம் திருத்தப்பட்டது.

மின்வழங்கியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டுள்ள வாட் அளவை மட்டும் நம்புதல் கூடாது. வரைகலை அட்டையும் மையச் செயலியும் 12 வோல்ட்டுக் கிளையிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. பக்கவாட்டில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணையில் அக்கிளைக்கான ஆம்பியர் அளவைப் பார்த்து, அதனை 12 ஆல் பெருக்கினால் உண்மையான கொள்ளளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 450 வாட் என்று அச்சிடப்பட்ட பழைய மின்வழங்கி ஒன்றின் 12 வோல்ட்டுக் கிளை 18 ஆம்பியர் மட்டுமே தருமாயின், பயன்படத்தக்கது 216 வாட் ஆகும். தரமான 450 வாட் மின்வழங்கியில் இதே கிளை 34 ஆம்பியருக்கு மேல், அதாவது 400 வாட்டுக்கு மேல் தரக் கூடும். மேலும், மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் வெப்பத்தாலும் காலத்தாலும் நலிவடைவதால், பல ஆண்டுகள் உழைத்த மின்வழங்கியிடம் தொடக்க காலத் திறனை எதிர்பார்க்க இயலாது.

தேவையான முனை இல்லாதபோது மாற்றுவடம் வாங்கி இணைக்கும் வழக்கம் உண்டு. வன்தட்டுக்கான சாட்டா மின்முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். அதனை 75 வாட் கேட்கும் 6 முனைக்கோ 150 வாட் கேட்கும் 8 முனைக்கோ மாற்றினால் வடம் சூடேறித் தீப்பற்றக் கூடும். அட்டை கேட்கும் முனை மின்வழங்கியிலேயே இல்லை என்பது, அந்த அட்டைக்கு அந்த மின்வழங்கி ஏற்றதன்று என்பதற்கான அறிகுறியாகும்.

தனி வடம் வேண்டாத, 75 வாட்டுக்கு உட்பட்ட அட்டைகள் பழைய கணினிகளுக்கு மிகவும் ஏற்றவை. 2016 இல் வெளிவந்த சி.டி.எக்சு 1050 டி.ஐ, 2019 இல் வெளிவந்த சி.டி.எக்சு 1650, 2022 இல் வெளிவந்த ஆர்.எக்சு 6400, 2024 இல் வெளிவந்த ஆர்.டி.எக்சு 3050 இன் 6 கிகாபைட்டு வடிவம் ஆகியவை இவ்வகையின. இவற்றுள்ளும் சில தயாரிப்பாளர்களின் சி.டி.எக்சு 1650 அட்டைகளில் 6 முனை வடம் தேவைப்படுவதால், வாங்கும் முன் அட்டையின் படத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மையச் செயலி

விளையாட்டின் ஒவ்வொரு சட்டகமும் இரு கட்டங்களில் உருவாகிறது. முதலில் மையச் செயலி பாத்திரங்களின் நகர்வு, மோதல், எதிரிகளின் நடத்தை ஆகியவற்றைக் கணித்து, எவற்றை வரைய வேண்டும் என்னும் கட்டளைகளை அனுப்புகிறது. பின்னர் வரைகலைச் செயலி அவற்றைப் படமாக வரைகிறது. இவ்விரண்டில் எது மெதுவானதோ அதுவே சட்டக வேகத்தைத் தீர்மானிக்கும். கடைக்காரர்கள் பாட்டில்நெக் என்று குறிப்பிடுவது இந்நிலையையே.

ஒரு கணினியில் மையச் செயலி ஒரு சட்டகத்துக்கு 25 மில்லிவினாடியும், பழைய அட்டை 50 மில்லிவினாடியும் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோமாயின், வினாடிக்கு 20 சட்டகங்கள் கிடைக்கும். 10 மில்லிவினாடியில் வரையும் அட்டையைப் பொருத்தினால் வேகம் 40 சட்டகங்களாக உயரும். அதைவிட இரு மடங்கு விரைவான, 5 மில்லிவினாடியில் வரையும் அட்டையைப் பொருத்தினாலும் வேகம் 40 சட்டகங்களே. மையச் செயலிக்கு இன்னும் 25 மில்லிவினாடி தேவைப்படுவதே இதன் காரணம். இரண்டாவது அட்டைக்குக் கூடுதலாகச் செலவிட்ட தொகை விளையாட்டின் வேகத்தில் எந்தப் பயனும் தருவதில்லை.

எது எல்லையாக உள்ளது என்பதை அட்டை வாங்கும் முன்னரே அறியலாம். பழைய அட்டையுடன் விளையாட்டை இயக்கி, திரைப் பிரிதிறனை 1920×1080 இலிருந்து 1280×720 ஆகக் குறைக்க வேண்டும். இதனால் வரைய வேண்டிய படப்புள்ளிகள் 2.25 மடங்கு குறைகின்றன. மையச் செயலியின் வேலையோ பெரும்பாலும் மாறுவதில்லை.

* சட்டக வேகம் நன்கு உயர்ந்தால், அட்டையே எல்லை. புதிய அட்டை பயன் தரும்.
* சட்டக வேகம் உயராவிட்டால், மையச் செயலியே எல்லை. புதிய அட்டை அவ்விளையாட்டில் வேகத்தைக் கூட்டாது. படத்தின் தெளிவை மட்டுமே உயர்த்த உதவும்.

கவுண்டர் இசுட்டிரைக் 2, வேலோரண்டு போன்ற போட்டி விளையாட்டுகளில் மையச் செயலியின் பங்கு மிகுதி. தனித்து ஆடும் கதை விளையாட்டுகள் பலவற்றில் அட்டையின் பங்கு மிகுதி. எனவே எந்த விளையாட்டுக்காக மேம்பாடு செய்யப்படுகிறது என்பது முதலில் தெளிவாக வேண்டும். சில கணினிகளில் நினைவகம் 8 கிகாபைட்டுக்குக் குறைவாக இருப்பதோ, ஒரே நினைவகப் பட்டை மட்டும் பொருத்தப்பட்டிருப்பதோ தடையாக அமையும். இரண்டாவது பட்டையைச் சேர்த்து இரட்டை வழியில் இயக்குவது குறைந்த செலவில் முடியும் திருத்தமாகும்.

இணைப்புத் தடங்கள்

பி.சி.ஐ எக்சுபிரசு இணைப்பின் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று ஒத்தியங்குபவை. புதிய தலைமுறை அட்டை பழைய பொருத்துவாயில் இயங்கும்; ஆயினும் பழைய வேகத்திலேயே இயங்கும். 16 தடங்கள் கொண்ட பொருத்துவாயின் ஒரு திசை வேகம் ஏறத்தாழப் பின்வருமாறு:

* முதல் தலைமுறை (2003): வினாடிக்கு 4 கிகாபைட்டு
* இரண்டாம் தலைமுறை (2007): வினாடிக்கு 8 கிகாபைட்டு
* மூன்றாம் தலைமுறை (2010): வினாடிக்கு 16 கிகாபைட்டு
* நான்காம் தலைமுறை (2017): வினாடிக்கு 32 கிகாபைட்டு
* ஐந்தாம் தலைமுறை (2019): வினாடிக்கு 63 கிகாபைட்டு

இன்றைய குறைந்த விலை அட்டைகள் 16 தட அளவுள்ள முனையைக் கொண்டிருந்தாலும், உள்ளே 8 அல்லது 4 தடங்களையே பயன்படுத்துகின்றன. ஆர்.எக்சு 6600, ஆர்.டி.எக்சு 4060 ஆகியவை 8 தடங்களையும், ஆர்.எக்சு 6400, ஆர்.எக்சு 6500 எக்சு.டி ஆகியவை 4 தடங்களையும் கொண்டவை. நான்காம் தலைமுறைப் பொருத்துவாயில் 4 தடங்கள் வினாடிக்கு 8 கிகாபைட்டு அளவுக்குத் தரவல்லவை. 2011 ஆம் ஆண்டின் இன்டெல் கோர் ஐ5 2500கே போன்ற செயலியைக் கொண்ட கணினியில் இரண்டாம் தலைமுறை இணைப்பே உள்ளதால், அதே 4 தடங்கள் 2 கிகாபைட்டு மட்டுமே தரும். அட்டையின் சொந்த நினைவகம் 4 கிகாபைட்டாக இருந்து, விளையாட்டு அதைவிடக் கூடுதலாகக் கேட்கும்போது, மிகுதித் தரவு இக்குறுகிய வழியாகவே கணினியின் நினைவகத்துக்குச் சென்று வர வேண்டும். அப்போது படம் திடீர் திடீரென நின்று நகரும். எனவே பழைய தாய்ப்பலகைக்கு 4 தட அட்டையைத் தவிர்த்தல் நலம். 8 அல்லது 16 தடங்களும், 6 கிகாபைட்டு அல்லது அதற்கு மேற்பட்ட நினைவகமும் கொண்ட அட்டை ஏற்றது.

இன்டெல் ஆர்க்கு அட்டைகள், அட்டையின் நினைவகம் முழுவதையும் மையச் செயலி ஒருங்கே அணுக உதவும் ரீசைசபிள் பார் என்னும் வசதியைப் பெரிதும் சார்ந்துள்ளன. அவ்வசதி இல்லாத பழைய தாய்ப்பலகைகளில் அவற்றின் வேகம் வெகுவாகக் குறையும்.

பயாசும் இயங்குதளமும்

2012 ஆம் ஆண்டுக்கு முந்தைய தாய்ப்பலகைகள் பலவற்றில் யு.இ.எஃப்.ஐ முறைக்கு மாறாகப் பழைய பயாசே உள்ளது. அவற்றுள் சிலவற்றில் புதிய அட்டைகளைப் பொருத்தினால் திரையில் எதுவும் தோன்றாது. தயாரிப்பாளர் வெளியிட்ட இறுதிப் பயாசை முன்னதாகவே நிறுவிக்கொள்வது இச்சிக்கலைச் சில வேளைகளில் தீர்க்கும்.

இயக்கி மென்பொருளும் கவனிக்கத்தக்கது. விண்டோசு 7 இயங்குதளத்துக்கு வழக்கமான புதிய இயக்கிகளை வெளியிடுவதை ஏ.எம்.டி, என்விடியா ஆகிய இரு நிறுவனங்களும் 2021 இல் நிறுத்தின. விண்டோசு 10 க்கான மைக்ரோசாப்ட்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோசு 11 அதிகாரமுறையாக இன்டெல்லின் 8 ஆம் தலைமுறைக்கு முந்தைய கோர் செயலிகளை ஏற்பதில்லை. கோர் 2 டியூவோ, கோர் 2 குவாடு செயலிகளில் பாப்கவுண்ட்டு என்னும் கட்டளை இல்லாததால், என்விடியாவின் 2024 ஆம் ஆண்டுக்குப் பிந்தைய இயக்கிகள் அவற்றில் இயங்குவதில்லை. இத்தகைய கணினிகளுக்குப் புதிய அட்டை வாங்குவது வீண் செலவாகும்.

திரையும் பெட்டியும்

பழைய திரைகள் பலவற்றில் வி.சி.ஏ முனை மட்டுமே உள்ளது. புதிய அட்டைகளில் எச்.டி.எம்.ஐ, டிசுபிளேபோர்ட்டு ஆகிய எண்ணிம முனைகளே உள்ளன. இவற்றை இணைக்கச் சைகையை மாற்றும் சில்லு உள்ள மாற்றி தேவை. வெறும் வடம் போதாது.

அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு மறுவிற்பனைக்கு வரும் மேசைக் கணினிகள் விளையாட்டுக்காக வாங்கப்படுவதுண்டு. அவற்றின் சிறிய பெட்டிகளில் பாதி உயர அட்டையே பொருந்தும். மின்வழங்கியும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால் கடையில் கிடைக்கும் வேறொன்றை எளிதில் மாற்ற இயலாது. எடுத்துக்காட்டாக, டெல் ஆப்டிபிளெக்சு 7010 கணினியின் கோபுர வடிவில் 275 வாட், சிறு வடிவில் 240 வாட் மின்வழங்கிகள் உள்ளன. 2011 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் வரைகலை அட்டைக்கான பொருத்துவாய் கிடையாது. அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

சேலம், நாமக்கல் சமவெளியில்

சேலம் நகரம் சேர்வராயன் மலை, சருகுமலை, கஞ்சமலை முதலிய குன்றுகள் சூழ்ந்த சமவெளியில் அமைந்துள்ளது. 1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் இதன் தெற்கே காவிரி வரை நீள்கிறது. பொறியியல் கல்லூரிகள் மிகுந்த இப்பகுதியில், கல்விக்காக வாங்கப்பட்ட மேசைக் கணினியே விளையாட்டுக்கும் பயன்படுவது இயல்பு.

வெப்பம்

ஏப்பிரல், மே மாதங்களில் இச்சமவெளியில் பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. அட்டையின் விசிறி, அறைக் காற்றைக் கொண்டே சில்லைக் குளிர்விக்கிறது. அறை வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் சில்லின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒரு பாகை உயரும். 25 பாகை அறையில் 70 பாகையில் இயங்கும் அட்டை, குளிர்சாதனம் இல்லாத 38 பாகை அறையில் 83 பாகையை நெருங்கும். வெளிநாட்டு மதிப்புரைகள் பெரும்பாலும் குளிர்ந்த அறைகளில் அளவிட்டவை என்பதால் அவற்றின் எண்களை இங்கு அப்படியே கொள்ள இயலாது. வெப்ப எல்லையை நெருங்கும்போது சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய பெட்டியின் முன்புறம் காற்றை உள்ளிழுக்க ஒரு விசிறியும், பின்புறம் வெளியேற்ற ஒரு விசிறியும் சேர்ப்பது இதற்கான எளிய தீர்வு. அட்டையின் மின்நுகர்வு எல்லையை மென்பொருள் மூலம் சற்றுக் குறைப்பதும் பயன் தரும். வேக இழப்பு சிறிதாகவும் வெப்பக் குறைவு பெரிதாகவும் இருக்கும்.

தூசி

திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை ஆகிய ஊர்களில் விசைத்தறிகள் மிகுதி. தறிக்கூடங்களை ஒட்டிய வீடுகளில் காற்றில் மிதக்கும் பஞ்சிழைகள் வெப்பம் கடத்தும் தகடுகளுக்கிடையே படிந்து, காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். இத்தகைய இடங்களில் சில திங்களுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு காற்றடித்துத் துப்புரவு செய்தல் வேண்டும்.

மின்சாரம்

இந்தியாவின் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு, 50 எர்ட்சு என வரையறுக்கப்பட்டுள்ளது. 2012 ஆம் ஆண்டை ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில், சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தது. யு.பி.எசு எனப்படும் தடையிலா மின்வழங்கியும், இன்வெர்ட்டரும் வீடுகளில் பரவ அக்காலமும் ஒரு காரணமாயிற்று. கணினிக்கென விற்கப்படும் 600 வி.ஏ தடையிலா மின்வழங்கி பொதுவாக 360 வாட் வரை மட்டுமே தாங்கும். பழைய அட்டையுடன் போதுமானதாக இருந்த அதே கருவி, புதிய அட்டை முழுத் திறனில் இயங்கும்போது மின்வெட்டு நேர்ந்தால் உடனே அணைந்துவிடக் கூடும்.

நில இணைப்பு மற்றொரு முக்கியக் கூறு. மூன்றாவது துளைக்கு நிலக்கம்பி இணைக்கப்படாத பழைய வீடுகளில் கணினிப் பெட்டியைத் தொட்டால் மெல்லிய அதிர்ச்சி உணரப்படும். மின்வழங்கியின் இரைச்சல் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்னோட்டமே இதன் காரணம். இந்நிலையில் அட்டையைக் கழற்றுவதோ, திரையின் வடத்தைச் செருகுவதோ மென்மையான சில்லுகளைப் பழுதாக்கலாம். அட்டை வாங்கும் முன் மின்பணியாளரைக் கொண்டு நில இணைப்பைச் சரிபார்ப்பது நன்று.

பொருத்தும் முறை

1. பழைய அட்டையின் இயக்கி மென்பொருள் நீக்கப்படுகிறது.
2. கணினி அணைக்கப்பட்டு, மின்வடம் சுவரிலிருந்து பிடுங்கப்படுகிறது. பின்னர் தொடக்கப் பொத்தான் சில நொடிகள் அழுத்தப்பட்டு எஞ்சிய மின்னூட்டம் வெளியேற்றப்படுகிறது.
3. பொருத்துவாயின் முனையில் உள்ள பூட்டு விடுவிக்கப்பட்டு, பழைய அட்டை எடுக்கப்படுகிறது.
4. புதிய அட்டை, பூட்டு விழும் ஒலி கேட்கும் வரை நேராக அழுத்தப்பட்டு, திருகால் இறுக்கப்படுகிறது. தேவைப்படின் மின்வடம் முழுமையாகச் செருகப்படுகிறது.
5. திரையின் வடம் தாய்ப்பலகையில் அன்றிப் புதிய அட்டையில் இணைக்கப்படுகிறது. தாய்ப்பலகையிலேயே விட்டுவிடுவது பரவலாக நிகழும் பிழையாகும்.
6. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இயக்கி பெறப்பட்டு நிறுவப்படுகிறது. விளையாட்டை அரை மணி நேரம் இயக்கி வெப்பநிலை கவனிக்கப்படுகிறது.

விளையாட்டின் நடுவே கணினி முற்றிலும் அணைந்து மீண்டும் தொடங்கினால் ஐயம் முதலில் மின்வழங்கியின் மீது எழ வேண்டும். வேகம் சிறிது நேரத்தில் படிப்படியாகக் குறைந்தால் வெப்பமே பெரும்பாலும் காரணம்.

பயன்படுத்திய அட்டைகள்

2020 முதல் 2022 வரை சில்லுத் தட்டுப்பாட்டாலும் எண்ணிம நாணய அகழ்வாலும் வரைகலை அட்டைகளின் விலை உலகெங்கும் உயர்ந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் அகழ்வு முறையைக் கைவிட்டபின், இரவு பகலாக உழைத்த அட்டைகள் பெருமளவில் மறுவிற்பனைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலோ இணையம் வழியாகவோ பயன்படுத்திய அட்டையை வாங்குவோர், அது இயங்குவதை நேரில் கண்டு, விசிறியின் ஒலியையும் வெப்பநிலையையும் சோதித்துப் பெறுதல் வேண்டும். சி.டி.எக்சு 750 டி.ஐ, சி.டி.எக்சு 1050 டி.ஐ உள்ளிட்ட மாக்சுவெல், பாசுகல் தலைமுறை அட்டைகளுக்கு விளையாட்டுக்கான புதிய இயக்கிகளை வெளியிடுவதை 2025 அக்டோபருடன் என்விடியா முடித்துக்கொண்டது. அவற்றின் விலையை மதிப்பிடும்போது இதனையும் கருத வேண்டும்.

கழற்றப்பட்ட அட்டைகளும் மின்வழங்கிகளும் மின்னணுக் கழிவாகும். இந்தியாவில் இவற்றுக்கான விதிகள் 2012 இல் நடைமுறைக்கு வந்தன. திருத்தியமைக்கப்பட்ட விதிகள் 2023 ஏப்பிரல் முதல் நடப்பில் உள்ளன. இவற்றை வீட்டுக் குப்பையுடன் சேர்க்காமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

பயன் தரும் எல்லை

நான்கு கருக்கள் கொண்ட 2012 ஆம் ஆண்டுக்குப் பிந்தைய செயலி, மூன்றாம் தலைமுறை இணைப்பு, 8 கிகாபைட்டு நினைவகம், நம்பத்தக்க மின்வழங்கி ஆகியவை உள்ள கணினிக்கு நடுத்தர அட்டை ஒன்று சில ஆண்டுகள் கூடுதல் வாழ்வு தரும். மின்வழங்கி மட்டும் குறையுடையதாயின், அட்டைக்கான தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு படி குறைந்த அட்டையும் தரமான மின்வழங்கியும் வாங்குதல் அறிவுடைமை. இவ்விரண்டையும் பின்னாளில் வாங்கும் புதிய கணினிக்கும் எடுத்துச் செல்லலாம். செயலி, தாய்ப்பலகை, நினைவகம் ஆகிய மூன்றும் மாற்றத்தக்க நிலையில் இருப்பின், அட்டை வாங்குவதைத் தள்ளிவைத்து அவற்றை முதலில் மாற்றுவதே பொருத்தமாகும்.

இவற்றையும் பார்க்க

* தாய்ப்பலகை
* மையச் செயலி
* கணினி விளையாட்டு
* மின்னணுக் கழிவு